மூன்று மணி நேரம் மூழ்காத கப்பல்

1949 டிசம்பர் 2 அன்று மூழ்கடிக்கப்பட்டது 'துகே-த்ருவான்' என்ற பிரெஞ்சுக் கப்பலா, 'இம்ப்ளாக்கபிள்' என்ற பிரிட்டிஷ் கப்பலா என்று கேட்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். 1800-இல் ரோஷ்போரில் நீரில் இறங்கிய 74 பீரங்கிக் கப்பல் அது. டிரஃபால்கர் கடற்போரில் தப்பி, இரண்டே வாரத்தில், 1805 நவம்பர் 4 அன்று ஓர்தேகல் முனையருகே பிரிட்டிஷாரிடம் பிடிபட்டது. பிரான்சுக்கு ஐந்தரை ஆண்டு உழைத்தது. மிச்ச ஆயுள் முழுக்க பிரிட்டனிடம். 1808-இல் பால்டிக் கடலில் ரஷ்யர்களோடு போரிட்டது; 1855 முதல் பயிற்சிக் கப்பலாக நின்றது.

கடைசியில் 'காப்பாற்ற முடியாத நிலை' என்றது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை. பணம் ஒதுக்க மனமில்லாதபோது அரசு அலுவலகங்கள் எடுத்தாளும் சொல் இது. கப்பல் நைந்திருந்தது உண்மை. இரண்டாம் உலகப் போர் முடிந்த நாட்டில் மரத்துக்கும் பணத்துக்கும் பஞ்சம் இருந்ததும் உண்மை. ஆனால் அதை எப்படி முடித்தார்கள் என்பதைப் பாருங்கள்.

இரும்புக் கப்பலின் அடியில் ஓட்டை விழுந்தால் தானாக இறங்கிவிடும். மரக்கப்பல் அப்படி இறங்காது. அதன் உடம்பே மிதவை. அதனால் வயிற்றில் டன் டன்னாக வார்ப்பிரும்புக் கட்டிகளை ஏற்றினார்கள். அடியில் வெடி பொருத்தி, போர்ட்ஸ்மத்திலிருந்து ஆங்கிலக் கால்வாய்க்கு இழுத்துப் போனார்கள். பிரெஞ்சுக் கொடியும் பிரிட்டிஷ் கொடியும் அருகருகே பறந்தன. வெடி வெடித்தது. கப்பல் போகவில்லை. அலை அதன் மேல் மூட மூன்று மணி நேரம் ஆயிற்று.

மிதந்ததாலேயே அது உறுதியான கப்பல் என்று நான் வாதிட மாட்டேன். என் வருத்தம் வேறு. நைந்த கப்பலைப் பத்து வருடம் கழித்தாவது யாராவது செப்பனிடலாம். கடலடிக்குப் போனதை யாராலும் செப்பனிட முடியாது.

கப்பலை ஏற்றுக்கொள்ளுமா என்று பிரான்சைக் கேட்டார்களா? கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டது.

எதுவுமே மிஞ்சவில்லையா? முகப்புச் சிற்பமும் பின்புறச் சன்னல் மாடமும் கிரீனிச் அருங்காட்சியகத்தில் உள்ளன.

'ஃபூத்ரோயான்' என்ற கப்பலும் இதுதானா? 1943-இல் இதற்கும் அந்தப் பெயர் வந்தது. ஆனால் முன்பே அப்பெயர் தாங்கி, இதன் துணையாக நின்றது வேறு கப்பல்: 1817-இல் பம்பாயில் தேக்கில் கட்டிய 'திருகோணமலை'. இன்றும் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

பாடம் கற்றார்களா? 1979-இல் உலகக் கப்பல் அறக்கட்டளை பிறந்தது; இன்னொரு இம்ப்ளாக்கபிளை இழக்கக் கூடாது என்பதே அதன் முழக்கம்.