ஊவாவின் ஏற்றங்களும் லடாக்கின் கணவாய்களும்

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எல்ல 1,041 மீற்றர், பண்டாரவளை ஏறத்தாழ 1,225, அப்புத்தளை 1,431. தம்பேத்தன்னைத் தோட்டத்துக்கு மேலேயுள்ள லிப்டன் ஆசனம் 1,970 மீற்றரைத் தொடுகிறது. நமுனுகுல சிகரம் 2,036. இந்த வீதிகளில் சைக்கிள் மிதித்து ஏறுபவர்கள், பாதியில் மூச்சு முட்டும்போது மலைக்காற்றில் ஒட்சிசன் போதவில்லை என்று சொல்வது வழக்கம். பழி போகவேண்டிய இடம் வேறு. ஊவாவில் ஆளை மடக்குவது வீதியின் சரிவு.

காற்றில் ஒட்சிசனின் பங்கு கடற்கரையிலும் மலையுச்சியிலும் ஒன்றேதான், ஏறத்தாழ 21 சதவீதம். உயரம் கூடக் குறைவது வளிமண்டல அமுக்கம். அப்புத்தளையில் அது கடல் மட்ட அமுக்கத்தின் 84 சதவீதமளவில் இருக்கும். லிப்டன் ஆசனத்தில் 79. முழு வேகத்தில் போட்டி ஓட்டுபவரின் உச்சத் திறனில் சில சதவீதத்தை இது குறைக்கலாம். பொதி கட்டி நிதானமாக மிதிக்கும் பயணிக்கு அது பெரிய விஷயமே அல்ல. உயர மலை நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் தலைகாட்டும். இலங்கையின் அதியுயர் சிகரமான பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான்.

சரிவின் கணக்கை எல்ல–வெல்லவாய வீதியில் பார்க்கலாம். ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்திலுள்ள வெல்லவாயவிலிருந்து இராவணன் அருவியைத் தாண்டி எல்லவுக்கு வரும் 28 கிலோமீற்றரில் 840 மீற்றரளவு ஏறவேண்டும். சராசரிச் சரிவு 3 சதவீதம். இந்தச் சராசரியை நம்பிக் கிளம்புபவர் ஏமாறுவார். ஓரளவு சமதளமான தூரமும் கடும் ஏற்றமும் அதில் சேர்ந்தே கிடக்கின்றன. பிரதான வீதியை விட்டுத் தோட்ட வீதிக்குள் திரும்பினால் சில துண்டுகள் இன்னும் செங்குத்து. ஆளும் சைக்கிளும் பொதியுமாக 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 8 சதவீதச் சரிவில் மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் ஏறவே 130 வாற்று வலு வேண்டும். நிமிடத்துக்கு 60 மிதி என்ற சீரான ஓட்டத்தில் அதைச் செய்ய, பின்சக்கரத்துப் பல்வட்டு முன்னேயுள்ள பல்வட்டைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் இது நேர்மாறு. ஆகவே அதை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவது பலவீனமல்ல, பொறியியல்.

ஏறும் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். வெல்லவாயவில் வியர்த்து வழிந்தவர் கொஸ்லாந்தை, பெரகலை வழியே அப்புத்தளையை அடையும்போது 8 பாகை குளிரான, பெரும்பாலும் பனிமூட்டமான ஊருக்குள் நுழைகிறார். நனைந்த சட்டையுடன் அப்படியே மறுபக்கம் இறங்கினால் உடல் வெடவெடக்கும். காய்ந்த உடையொன்றும் காற்றுத் தடுக்கும் மேலங்கியும் பையின் மேற்பக்கத்திலேயே இருக்கவேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் உலர்ந்த காற்று, ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற வாசனையைக் கொடுக்கிறது. அதே காற்று அப்புத்தளை இடைவெளியில் சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளும். ஆனாலும் பயணத்துக்கு அந்த மாதங்களே தேவலை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையில் மண் சரியும். கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் 2014 ஒக்டோபர் 29 அன்று புதையுண்டது அந்தப் பருவத்தில்தான்.

ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. எல்ல–வெல்லவாய வீதியில் 2025 செப்டெம்பரில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சைக்கிளுக்கும் அதே சரிவு, அதே வளைவுகள். 100 கிலோ நிறை எல்லவிலிருந்து வெல்லவாய வரை இறங்கும்போது வெளிவிடும் சக்தி, இரண்டரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாக இறங்கும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை ஓயாமல் அழுத்தினால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கும் அளவுமீறிச் சூடேறினால் பிடிமானத்தை இழக்கும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின் விட்டுவிட்டு, இடையிடையே நின்று ஆறவிடுவதே முறை.

காற்று மெலிவதன் விளைவை அறிய இமயமலைக்குப் போகவேண்டும். லடாக்குக்குச் செல்லும், சைக்கிள் பயணிகளிடையே பெயர்பெற்ற மணாலி–லே வீதி தொடங்கும் மணாலி நகரம் ஏறத்தாழ 2,050 மீற்றரில் இருக்கிறது. நமுனுகுலவின் உச்சி எங்கே முடிகிறதோ, ஏறக்குறைய அங்கே அந்தப் பயணம் ஆரம்பிக்கிறது. வழியிலுள்ள கணவாய்களில் ரோதாங் 3,978 மீற்றர். பாராலாச்சா ஏறத்தாழ 4,890. தங்லங் லா 5,328. கடைசிக் கணவாயில் அமுக்கம் கடல் மட்டத்தின் பாதியைச் சற்றே தாண்டும்; உடலின் உச்ச உழைப்புத் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். லேவுக்கு அப்பாலுள்ள கர்துங் லாவின் பெயர்ப்பலகை 18,380 அடி என்று நெடுங்காலம் பெருமையடித்தது. அளந்து பார்த்தால் 5,359 மீற்றர், அதாவது ஏறத்தாழ 17,580 அடி. நுரையீரலுக்கு அதுவே தாராளம்.

உடல் இதற்குப் பழகும், ஆனால் தன் போக்கில்தான் பழகும். முதல் சில மணி நேரத்திலேயே மூச்சு வேகமாகும். அதனால் காபனீரொட்சைட்டு அதிகம் வெளியேறி இரத்தம் காரத்தன்மை அடைய, அதைச் சிறுநீரகங்கள் சரிசெய்யச் சில நாட்கள் பிடிக்கும். சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரங்கள் வேண்டும். ஊவா மலைகளில் வருடக்கணக்கில் மிதித்தவருக்குக் கால் உறுதியாக இருக்கும். இந்த மாற்றங்களில் எதுவும் முன்கூட்டியே நடந்திருக்காது. திடமான கால்கள் ஒருவரை ஒரே நாளில் அதிக உயரத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பதால், வலிமையே வினையாவதும் உண்டு.

3,000 மீற்றருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்கவேண்டும் என்பது மருத்துவர்களின் பொது விதி. பகலில் கணவாயைக் கடப்பதைவிட இரவில் எங்கே தூங்குகிறோம் என்பதே முக்கியம். மணாலி–லே வீதியில் வாகனத்தில் ஜிஸ்பாவிலிருந்து சார்ச்சுவுக்கு ஒரே நாளில் 1,000 மீற்றருக்கு மேல் தாவுபவர்கள் இந்த விதியை அப்பட்டமாக மீறுகிறார்கள். சைக்கிளின் மந்த வேகம் இங்கே ஒரு பாதுகாப்பு. விமானத்தில் நேரே 3,500 மீற்றரிலுள்ள லேயில் இறங்குபவர் இரண்டு நாளாவது சைக்கிளைத் தொடாமல் இருக்கவேண்டும்.

தலைவலியோடு குமட்டல், சோர்வு, தூக்கமின்மை சேர்ந்தால் மேலும் ஏறாமல் அங்கேயே தங்கவேண்டும். நிறையத் தண்ணீர் குடித்தால் நோய் வராது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. அசற்றசோலமைட்டு மாத்திரை உடல் பழகுவதைத் துரிதப்படுத்தும். மருத்துவரிடம் கேட்டே எடுக்கவேண்டும். சும்மா இருக்கும்போதும் மூச்சுத் திணறினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்கமுடியாமல் தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று கொள்ளவேண்டும். இரண்டுக்கும் ஒட்சிசனும் உடனடி இறக்கமுமே முதல் வைத்தியம். அதே வீதியில் சார்ச்சுவுக்கும் பாங்குக்கும் இடையிலான பகுதி முழுவதும் 4,000 மீற்றருக்கு மேல் கிடப்பதால், அங்கே நோயாளியைக் கீழே கொண்டுபோகவும் முதலில் ஒரு கணவாயை ஏறிக் கடக்கவேண்டும். ஆகவே அறிகுறி ஏதும் உள்ளவர் பாராலாச்சாவுக்கு இப்பாலேயே நின்றுவிடவேண்டும்.