கட்டியங்காரன் கேட்கும் கேள்வி

2023 ஜூலை 28, வெள்ளிக்கிழமை. ராமேஸ்வரத்தில் ‘என் மண், என் மக்கள்’ நடைப்பயணத்தை மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தொடங்கி வைத்தார். நடக்கப் புறப்பட்டவர் அன்றைய தமிழக பா.ஜ.க. தலைவர் அண்ணாமலை. அதே நாள் நெய்வேலியில் நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யை முற்றுகையிடப் போன பா.ம.க.வினருக்கும் போலீசுக்கும் மோதல் மூண்டது. கல்வீச்சு, தடியடி, கண்ணீர்ப்புகை, வானத்தை நோக்கித் துப்பாக்கிச்சூடு. அக்கட்சித் தலைவர் அன்புமணி ராமதாஸ் கைதானார். அதே நாள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம்.தண்டபாணி, பச்சைப் பயிர்மீது இயந்திரம் ஏறுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்ணீர் விட்டதாக வேதனையோடு சொன்னார்.

போலீசும் நீதிபதியும் அன்புமணியும் அன்றைக்குப் பேசியதெல்லாம் ஒரே ஊரின் வயலைப் பற்றி. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் இருக்கிற வளையமாதேவி. ராமேஸ்வரத்து மேடையில் ‘என் மண்’ என்று முழங்கிய கட்சிதான் டெல்லியை ஆள்கிறது. அந்த அரசின் நிலக்கரித் துறைக்குக் கீழேதான் என்.எல்.சி. வருகிறது. இந்த இரண்டு செய்தியையும் ஒரே பக்கத்தில் அச்சடித்தால் போதும், கேலிச்சித்திரக்காரருக்கு அங்கே வேலையே இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என்.எல்.சி.யின் இரண்டாவது சுரங்கத்தை விரிவுபடுத்த வேண்டும். குறுக்கே பரவனாறு ஓடுகிறது. அதைத் திருப்பிவிட வெட்டிய கால்வாயில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் பாக்கி. மழைக்காலத்துக்குள் முடிக்காவிட்டால் வெள்ளம் சுரங்கத்துக்குள் புகும் என்பது நிறுவனத்தின் வாதம். ஜூலை 26 காலையில் பெரும் போலீஸ் பாதுகாப்போடு பொக்லைன்கள் மேல்வளையமாதேவி வயலில் இறங்கின. நெல் நன்றாக வளர்ந்து நின்ற நேரம்.

“நிலத்தைத்தான் முன்பே எடுத்தாகிவிட்டதே, பணமும் கொடுத்தாகிவிட்டதே, அப்புறம் ஏன் நட்டார்கள்?” என்று அன்றைக்கும் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். பல வருஷத்துக்கு முன் எடுத்த நிலம் அது. எடுத்தவர்கள் பக்கமே வரவில்லை. விவசாயி தன் கைபட்ட மண்ணில் வருஷா வருஷம் நட்டுக்கொண்டே வந்தான். சட்டப்படி அது நிறுவனத்தின் இடம் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அறுவடைவரை இரண்டு மாதம் காத்திருக்க முடியவில்லை. நீதிபதி கேட்டதும் அதைத்தான். அரிசிக்கும் காய்கறிக்கும் அடித்துக்கொள்ளும் காலம் வரும், அப்போது இந்த நிலக்கரி உதவாது என்றும் அவர் சொன்னார். பிறகு பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று உத்தரவாயிற்று.

அன்று நீதிபதி வள்ளலாரையும் நினைவுகூர்ந்தார். வாடிய பயிருக்காக வருந்தியவரின் மாவட்டம் அல்லவா இது! அதுவும் வள்ளலார் பிறந்த 200வது ஆண்டு. மாநில அரசு அதை ஆண்டு முழுவதும் விழாவாக எடுத்துக்கொண்டிருந்தது. வயலில் பொக்லைன் இறங்குவதற்கு ஐந்து வாரம் முன்னால், ஜூன் 21 அன்று, ஆளுநர் ஆர்.என்.ரவி வடலூருக்கு வந்து வள்ளலாரைப் பத்தாயிரம் ஆண்டுச் சனாதன மரபின் உச்சமென்று புகழ்ந்துவிட்டுப் போனார். சாதியையும் சமயச் சண்டையையும் உதறியவரைச் சனாதனத்தின் கணக்கில் எழுதியதற்கு அப்போதே பெரிய எதிர்ப்பு வந்தது. எனக்கு அதைவிட வருத்தம் தருவது வேறு. வள்ளலார் யாருடைய சொத்து என்பதில் இருந்த ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்காவது அவர் எதற்காக வருந்தினார் என்பதில் இருந்திருக்கக் கூடாதா? 1867இல் வடலூர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அந்த அடுப்பில் வேகிற அரிசி இப்படிப்பட்ட வயலில்தான் விளைகிறது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கட்டியங்காரன் நினைவுக்கு வருகிறான். கடலூர், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவனைச் சொல்லத் தேவையில்லை. திரைக்குப் பின்னால் துரியோதனன் வந்து நின்று தன் பெருமையைப் பாடுவான். “யாருப்பா நீ, எந்த ஊரு?” என்று கட்டியங்காரன் எதுவும் தெரியாதவன் மாதிரி கேட்பான். ராஜா சொன்னதையே திருப்பிச் சொல்லிக் கேட்பான். நடுவே ரேஷன் கடை வரும், ஊராட்சித் தலைவர் வருவார், போன தேர்தலில் கொடுத்த வாக்குறுதி வரும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனுஷர்களும் சிரித்தே ஆக வேண்டும். ராஜாவைக் கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு. ராஜா கோபித்துக்கொண்டால் கூத்து நின்றுவிடும்.

அவன் வைக்கும் அளவுகோல் அவனுடையது அல்ல என்பதுதான் முக்கியம். தருமம் தருமம் என்று ராஜா பாடினால், அந்தத் தருமத்தை வைத்தே ராஜாவை அளப்பான். நம் அரசியல் நகைச்சுவைக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது. எல்லாக் கட்சியிலும் சொல் ஒன்றும் செயல் ஒன்றும் உண்டு. ஆனால் மண், மரபு, பண்பாடு, ஒழுக்கம் என்று பேசி வாக்குக் கேட்கிறவர்கள் அளவுகோலைத் தாங்களே மேடையில் நட்டுவைக்கிறார்கள். 2023 மே 28 அன்று ஆதீனங்களை டெல்லிக்கு வரவழைத்துப் புதிய நாடாளுமன்றத்தில் செங்கோலை வைத்தார்கள். சோழ மரபு, தமிழ் மரபு என்றார்கள். அதற்கு இரண்டே மாதத்தில், சோழர் வெட்டிய வீராணம் ஏரிக்கு அதிகத் தூரமில்லாத ஓர் ஊரில், முற்றாத நெல்லை மண்ணோடு மண்ணாகப் புரட்டிப் போட்டது அவர்களுடைய அரசின் நிறுவனம். இதைச் சுட்டிக் காட்டுவதில் துவேஷம் எதுவும் இல்லை. அவர்கள் வார்த்தையை நாம் மதித்துக் கேட்டோம் என்றுதான் அர்த்தம்.

தி.மு.க.வை விட்டுவிட்டால் கட்டியங்காரன் சம்பளக்காரன் ஆகிவிடுவான். 2023 மார்ச் இறுதியில் சேத்தியாத்தோப்புக் கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய இடங்களை மத்திய அரசு நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தது. தானும் டெல்டாக்காரன்தான், ஒருபோதும் விட மாட்டேன் என்ற பொருளில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் உணர்ச்சியோடு பேசினார், பிரதமருக்குக் கடிதமும் எழுதினார். அண்ணாமலையும் டெல்லிக்குக் கோரிக்கை வைத்தார். ஏப்ரல் 8 அன்று மூன்று இடங்களும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இரண்டு தரப்பும் வெற்றி தங்களுடையது என்றன. அடுத்த நான்காவது மாதம் அதே சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் பொக்லைன் இறங்கியபோது, இயந்திரம் டெல்லிக்காரருடையது, காவல் சென்னைக்காரருடையது. வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட் போட்ட அரசு அது. அதன் வேளாண் அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் இதே கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடித் தொகுதிக்காரர்.

பா.ம.க.வின் கதைதான் இதில் மனதை அதிகம் கனக்க வைக்கிறது. ஏனென்றால் அந்தக் கட்சி தெருவில் நின்றது உண்மை. 2023 ஜனவரியில் அன்புமணி இந்தக் கிராமங்களின் வழியாக இரண்டு நாள் நடந்தார். மார்ச் 11 அன்று கடலூர் மாவட்டத்தில் கடையடைப்பு நடத்தினார்கள். ஜூலையில் அடி வாங்கினார்கள், தொண்டர்கள்மீது வழக்கு விழுந்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு என்.எல்.சி.யின் 7 சதவீதப் பங்குகளைச் சந்தையில் விற்றது. அதே மாதம் 19ஆம் தேதி தைலாபுரம் தோட்டத்தில் பா.ஜ.க.வோடு பத்துத் தொகுதி ஒப்பந்தத்தில் பா.ம.க. கையெழுத்திட்டது. வளையமாதேவி இருக்கும் புவனகிரி, சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. அங்கே கூட்டணியின் வேட்பாளராக நின்றவர் பா.ஜ.க.வின் கார்த்தியாயினி. ஜூலையில் என்.எல்.சி. வாசலில் கண்ணீர்ப்புகையைச் சுவாசித்த தொண்டன், ஏப்ரலில் அந்த என்.எல்.சி.யை வைத்திருக்கும் அரசுக்காகத் தாமரைக்கு வாக்குக் கேட்க வேண்டியதாயிற்று. அந்தத் தொண்டனை நான் கேலி செய்ய மாட்டேன். அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர்களைச் செய்யலாம், செய்யத்தான் வேண்டும்.

அன்புமணிக்கு ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். 2002இல் ‘பாபா’ படத்தில் ரஜினி பிடித்த சிகரெட்டுக்காகப் பா.ம.க.வினர் செய்த ரகளையை யாரும் மறக்கவில்லை. ஆனால் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை கொண்டுவந்தார். சொன்னதைச் செய்த இடம் அது. அங்கே கட்டியங்காரனுக்கு வேலை இல்லை.

எது நல்ல கேலி என்பதிலும் நமக்குக் கொஞ்சம் கறார் தேவைப்படுகிறது. தமிழிசை சௌந்தரராஜன் பா.ஜ.க. தலைவராக இருந்த காலத்தில் அவருடைய கொள்கையைக் கேலி செய்தவர்களைவிடத் தலைமுடியைக் கேலி செய்தவர்கள் அதிகம். பா.ம.க.வைத் திட்டுகிறேன் என்று ஒரு சாதியையே இழிவாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். நிறம், உருவம், சாதி, பெண்ணாய்ப் பிறந்தது, ஆங்கிலம் வராதது என்று இவற்றில் கைவைக்கிற சிரிப்பு அதிகாரத்தைத் தொடுவதே இல்லை. தலைவர்களுக்கும் அது வசதி, மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலைக்கு எதிராளி தானே வந்துவிடுவான். 2020இல் தன்னை விவசாயி என்று சொல்லிக்கொண்டே எடப்பாடி பழனிசாமி மூன்று வேளாண் சட்டங்களையும் ஆதரித்தாரே, அதைப் பிடிப்பதை விட்டுவிட்டு அவர் பேச்சில் தடுமாறிய இடத்தைப் பிடித்துச் சிரிப்பது வீண்.

சரியான கேலிக்கு என்ன நடக்கிறது என்பதற்கு நம்மிடம் நீண்ட வரலாறே இருக்கிறது. 1987இல் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் பற்றி அட்டையில் ஒரு நகைச்சுவை போட்டதற்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. அது திராவிடக் கட்சி ஆட்சி. 2015இல் மதுக்கடைகளுக்கு எதிராகப் பாடிய கோவன்மீது தேசத் துரோக வழக்கு. 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்தது. அதைப் பற்றி வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். இந்த மூன்றும் அ.தி.மு.க. ஆட்சியில்.

2025 பிப்ரவரியில் அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கிட்டு ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பியது. ட்ரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடன் பிளஸ் இதழ் அட்டையில் வரைந்தது. நாட்டின் கௌரவத்தைப் பற்றி உரக்கப் பேசுகிறவர், நாட்டு மக்களைச் சங்கிலியில் கட்டியபோது என்ன செய்தார் என்பதுதான் அந்தப் படத்தின் கேள்வி. அண்ணாமலை புகார் கொடுத்தார். அன்று மாலையே விகடன் இணையதளம் முடங்கியது, முன்னறிவிப்பு எதுவும் இல்லை. படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் முடக்கத்தை நீக்கலாம் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தளத்தை முடக்கியது, எமர்ஜென்சியை மறக்கக் கூடாது என்பதற்காக 2024இல் ஜூன் 25ஐ அரசியல் சட்டப் படுகொலை நாளாக அறிவித்த அதே அரசு. ‘முகமது பின் துக்ளக்’ நாடகம் எழுதி ஆட்சியாளர்களை வாழ்நாள் முழுக்கக் கிண்டலடித்த சோவுக்கு, அவர் மறைந்த பிறகு 2017இல் பத்மபூஷண் கொடுத்ததும் அதே அரசுதான். சோ வலதுசாரிதான். ஆனால் பதவியில் இருப்பவரைக் கேலி செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அவரைக் கொண்டாடுகிறவர்கள் அந்த ஒரு விஷயத்தையாவது அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஓர் அட்டைப்படத்தைக் கண்டு இவ்வளவு பதற்றம் ஏன்? திட்டினால் திருப்பித் திட்டலாம், குற்றம் சாட்டினால் வழக்குப் போடலாம். சொன்ன சொல்லையும் செய்த செயலையும் தேதியோடு அருகருகே வைத்துவிட்டால் மறுக்க இடமில்லை. வைத்தவன் எதையும் சேர்க்கவில்லை அல்லவா?

நம் அரசியல் கேலி பெரும்பாலும் சென்னையிலும் டெல்லியிலும் நடப்பதைப் பற்றித்தான் இருக்கிறது. ஆளுநர் மாளிகை, கமலாலயம், அறிவாலயம், கூட்டணிப் பேச்சு. 2025 ஏப்ரல் 11 அன்று அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் மறுபடி கைகோத்தபோது, அந்தக் கூட்டணி வந்தால் தலைவர் பதவியை விடுவேன் என்று அண்ணாமலை முன்பு பேசியதை எடுத்துப் போட்டு நாடே சிரித்தது. தி.மு.க. ஆட்சி போகும்வரை போட மாட்டேன் என்று சபதம் செய்து கழற்றிய செருப்பை மறுநாள் அவர் போட்டுக்கொண்டபோதும் சிரித்தது. சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சபதத்தால் ஒருவருக்கும் ஒரு படி நெல் நஷ்டமில்லை.

வளையமாதேவியில் நஷ்டம் ஏக்கர் கணக்கில். அதைப் பற்றி வரைந்த படங்களும் எழுதிய நையாண்டியும் ஒரு வாரத்தோடு ஓய்ந்துவிட்டன. நிலம் எடுக்கும் பேச்சு கரிவெட்டி, கத்தாழை என்று பக்கத்து ஊர்களிலும் இருந்துகொண்டே இருக்கிறது. பச்சைத் துண்டு போர்த்தி நாற்று நடுவதுபோல் படம் எடுத்துக்கொள்ளும் தலைவர்கள் எல்லாக் கட்சியிலும் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் வரும்போது ஜூலை 26 அன்று எடுத்த வயல் படத்தைப் பெரிதாக அச்சடித்து மேடைக்கு எதிரில் கட்டி வைக்க ஓர் உள்ளூர் இளைஞர் மன்றம் போதும். கீழே தேதியை மட்டும் போடட்டும். கேலிச்சித்திரம் வரையத் தெரிந்தவர்கள் எங்கள் இதழ்களிலும் இருக்கிறார்கள். அந்தத் தேதியை மறந்துவிடாமல் வருஷா வருஷம் எடுத்துப் போடுவது எங்கள் வேலை.