சாட்சி சொல்லும் நூல்

ஊசியும் நூலும் வீட்டின் ஒரு மூலையில், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கிக் கிடக்க வேண்டிய பொருள்கள் என்றே நம்மில் பலர் எண்ணி வருகிறோம். தலையணை உறையில் ஒரு ரோஜா, கைக்குட்டையின் ஓரத்தில் பெயரின் முதலெழுத்து, பீடத் துகிலில் திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும். பூவேலை என்றதும் நம் கண்முன் தோன்றுவன இவையே. கன்னியர் மடங்கள் நடத்திய தையல் வகுப்புகளில் பயின்ற நம் அன்னையரும் அக்காமாரும் இக்கலையில் காட்டிய திறமை எளியதன்று. ஆயினும் அவர்களுள் ஒருவரையேனும் 'ஓவியர்' என்று நாம் அழைத்ததுண்டா? தூரிகை பிடித்தவருக்குக் கிடைத்த அந்தப் பெயர் ஊசி பிடித்தவருக்குக் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் ஓர் அம்மையார் கடந்த நாற்பது ஆண்டுகளாக இந்த வழக்கத்தை மறுத்துத் தைத்து வருகிறார். ஆலிஸ் கெட்டில் என்பது அவர் பெயர். 1961-ஆம் ஆண்டில் வின்செஸ்டர் நகரில் பிறந்த அவர், ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஓவியக்கலை பயின்றவர். வண்ணக் குழம்பும் கான்வாஸ் துணியுமாகத் தொடங்கிய அவரது பயிற்சி, இலண்டனிலுள்ள கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரிக்கு மேற்படிப்புக்காகச் சென்றபோது திசை மாறியது. தூரிகையை வைத்துவிட்டு நூலை எடுத்தார். இன்றுவரை அதைக் கீழே வைக்கவில்லை.

கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியைப் பற்றி இவ்விடத்தில் ஒரு வார்த்தை. அங்கே பூவேலைத் துறையை வளர்த்தெடுத்தவர் கான்ஸ்டன்ஸ் ஹவார்ட் என்னும் ஆசிரியை. 1951-ஆம் ஆண்டு நடைபெற்ற பிரிட்டன் பெருவிழாவுக்காக, நாட்டுப்புற இல்லத்தரசியரின் வாழ்வைச் சித்திரிக்கும் மிகப் பெரிய தையற் சுவரோவியம் ஒன்றை மாணவியரோடு சேர்ந்து உருவாக்கியவர். தம் தலைமுடிக்குப் பச்சைச் சாயம் ஏற்றிக்கொண்டு வகுப்புக்கு வந்தவர் என்பதையும் வாசகர்களிடம் மறைக்க நாம் விரும்பவில்லை! பூவேலையை வீட்டுப் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து உயர்த்தி, கல்லூரியில் கற்பிக்கத்தக்க நுண்கலையாக நிலைநாட்டியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவர் வகுத்த பாதையில் அடுத்த தலைமுறையாக நடந்தவர்களுள் ஒருவரே ஆலிஸ் கெட்டில்.

உண்மையில், இங்கிலாந்துக்கு இது புதிய பெருமையன்று. இழந்து மீட்ட பெருமை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்று விளங்கிய பூவேலை ஆங்கிலேயப் பூவேலையே. 1246-ஆம் ஆண்டில் ஆங்கிலக் குருக்கள் அணிந்திருந்த பொன்னிழை வேய்ந்த திருவுடைகளைக் கண்டு வியந்த திருத்தந்தை நான்காம் இன்னசென்ட், அத்தகைய வேலைப்பாடுகளைத் தமக்கும் அனுப்பிவைக்குமாறு அந்நாட்டுச் சிஸ்டர்சியன் மடத்துத் தலைவர்களுக்கு எழுதினார் என்று அக்காலத்து வரலாற்றாசிரியரான மத்தேயு பாரிஸ் குறித்து வைத்துள்ளார். 1295-இல் எடுக்கப்பட்ட திருப்பீடத்துப் பொருட் பட்டியலில் ஆங்கிலப் பூவேலைப் பொருள்கள் நூற்றுக்கும் மேல் இடம்பெற்றுள்ளன. அவற்றைத் தைத்த கைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. உடுத்தவர் பெயர் நின்றது. தைத்தவர் பெயர் மறைந்தது.

இனி ஆலிஸ் கெட்டிலின் தொழில்முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

அவர் பெரும்பாலும் கையால் தைப்பவர் அல்லர். தையல் இயந்திரத்தில் தைப்பவர். 'இயந்திரத்தில் தைத்தது கலையாகுமா?' என்று முகம் சுளிப்போர் இங்கும் உண்டு, அங்கும் உண்டு. அப்படிக் கேட்போர் ஒருமுறையேனும் வளையத்தில் இறுக்கிய துணியை இயந்திரத்தின் ஊசிக்கடியில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். சாதாரணத் தையலில், இயந்திரத்தின் பல் துணியைத் தானே இழுத்துக்கொண்டு நேர்கோட்டில் போகிறது. பூவேலைக்கோ அந்தப் பல்லை இறக்கிவிட வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தையும் கழற்றிவிடுவதுண்டு. அதன்பின் இயந்திரத்துக்குத் திசை தெரியாது. ஊசி நின்ற இடத்திலேயே மேலும் கீழும் குத்திக்கொண்டிருக்கும். துணியை இரு கைகளாலும் நகர்த்தி அந்த ஊசியைக் கொண்டு வரைய வேண்டியது தைப்பவரின் பொறுப்பு. எழுதுகோலை அசையாமல் பிடித்துக்கொண்டு, காகிதத்தை நகர்த்தி ஒரு முகத்தை வரைந்து பாருங்கள், அப்போது விளங்கும். கை சற்றே விரைந்தால் தையல் நீளும், நூல் அறும். தயங்கினால் ஒரே இடத்தில் முடிச்சாகக் குவியும். நம் ஊர்த் தையற்பள்ளிகளில் மிதி இயந்திரத்தில் இவ்வேலையைப் பழகிய சகோதரிகளுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மேலும் ஒரு கடினத்தை ஆலிஸ் கெட்டில் தாமே வரவழைத்துக்கொள்கிறார். தடித்த நூல்களும் பளபளக்கும் உலோக இழைகளும் ஊசியின் காதில் நுழையா. ஆகவே அவற்றைக் கீழே உள்ள பாபினில் சுற்றி, துணியைக் குப்புறத் திருப்பிப் போட்டு, பின்புறத்திலிருந்து தைக்கிறார். மேலே ஊசியில் மெல்லிய நூல். கீழே, அவர் கண்ணுக்குப் படாத பக்கத்தில், தடித்த நூல் படிந்து படமாகிறது. தாம் வரையும் முகத்தைத் தாமே காணாமல் வரைகிறார் என்று இதைச் சொல்லலாம். துணியைத் திருப்பிப் பார்க்கும் வேளையில்தான் கண் எங்கே விழுந்தது, வாய் எப்படி அமைந்தது என்பது தெரியவரும். பொருந்தாததன்மேல் மீண்டும் தைக்கிறார், அதன்மேல் மீண்டும். இப்படி அடுக்கடுக்காகத் தையல் ஏற ஏறத் துணி கனத்துச் சுருங்குகிறது. ஓரங்கள் நேராக நில்லாமல் அலைபோல் நெளிகின்றன. நல்ல தையற்காரர் எவரும் இச்சுருக்கத்தைக் குற்றம் என்பர். அவரோ அதை நீக்குவதில்லை. மனித உடலைப்போல் துணிக்கும் ஒரு மேடுபள்ளம் உண்டாகிறது என்பதற்காக அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். இந்தத் தீர்ப்பில் நாமும் அவர் பக்கமே நிற்கிறோம்; தட்டித் தேய்த்து நேராக்கப்பட்ட முகங்களைவிட அவருடைய நெளிந்த முகங்களே நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கின்றன.

அளவிலும் அவர் படைப்புகள் சிறியனவல்ல. வின்செஸ்டர் நகர நூலக மையத்துக்காக 2007-இல் அவர் முடித்த படைப்பு, அந்நகரின் வரலாற்றைச் சொல்லும் துணி. அதன் நீளம் பதினாறு மீட்டருக்கும் மேல், உயரம் ஏறத்தாழ 3 மீட்டர். இயந்திரத்தின் கழுத்துக்குள் ஒரே நேரத்தில் ஒரு சாண் அகலமே வசதியாக நுழையும். ஆகவே எஞ்சிய துணி முழுவதையும் பாய்போல் சுருட்டி மடியிலும் தோளிலும் தாங்கிக்கொண்டே தைக்க வேண்டியிருக்கிறது. முழுச் சித்திரத்தையும் பார்க்கத் தரையில் விரித்தாக வேண்டும். எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து உயர்நீதிமன்றம், குளோஸ்டர் பேராலயம், ஆஸ்திரேலியாவின் தேசிய நூலகம் ஆகியவற்றுக்காகவும் அவர் படைத்துள்ளார். மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் துணிக்கலைப் பேராசிரியராகவும் நெடுநாள் பணியாற்றியுள்ளார்.

அவருக்கு ஊக்கம் தருவன எவை? தொடக்க காலத்தில் அவர் நாடிச் சென்றவை பழங்கதைகள். ஏதேன் தோட்டத்து ஏவாள், கிரேக்கக் கோவிலைத் தலையில் தாங்கி நிற்கும் கல்மங்கையர், கடலில் அலைந்து வீடு திரும்பும் ஒடிசியுஸ் என்று அவர் துணிகளில் தோன்றியோர் பலர். ஒடிசியுஸின் கதையில் பெனெலோப்பி என்ற மனைவி உண்டு. பகலெல்லாம் நெய்ததை இரவில் பிரித்துவிடுவாள். துணி முடிந்தால் வேறொருவனை மணக்க வேண்டியிருக்கும் என்பதால், முடியாமலே நெய்துகொண்டிருந்தாள். கணவனுக்காகக் காத்திருந்த காலத்தில் அவளுக்குத் துணைநின்ற தந்திரம் அதுவே. தைப்பதும் பிரிப்பதும் மீண்டும் தைப்பதுமாக வாழும் ஒரு கலைஞருக்கு இக்கதை பிடித்துப்போனதில் வியப்பென்ன?

பழங்கதையில் கடலில் அலைந்தவனைத் தைத்தவர், பின்னர் தம் காலத்தில் கடலில் அலைந்தவர்களைத் தைக்க நேர்ந்தது. 2015-ஆம் ஆண்டில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போருக்கும் வறுமைக்கும் அஞ்சி, மத்தியதரைக் கடலைச் சிறு படகுகளிலும் காற்றடைத்த ரப்பர் தோணிகளிலும் கடந்து ஐரோப்பாவை அடைந்தனர். கடக்க இயலாமற் போனோர் ஆயிரக்கணக்கானோர். அவ்வாண்டு முடிவில் உலகெங்கும் வீடிழந்து இடம்பெயர்ந்தோர் தொகை 6 கோடியே 53 இலட்சம் என்று ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் கணக்கிட்டது. 1983-க்குப் பின் இராமேசுவரம் கரையில் வந்திறங்கிய படகுகளையும் மண்டபம் முகாமையும் அறிந்த நமக்கு, இந்த எண்ணுக்குள் என்னென்ன முகங்கள் இருக்கும் என்பதை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆலிஸ் கெட்டில் அகதிகளோடு பணியாற்றும் அமைப்புகளின் வழியாக அவர்களைச் சந்தித்தார். முகாம்களிலும் புகலிடங்களிலும் இருந்த பெண்களும் குழந்தைகளும் வரைந்த படங்கள் அவர் கைக்கு வந்தன: வீடு, மரம், பூ, படகு, பறவை. அவற்றைத் தம் துணியில் தையலாக மாற்றினார். இவ்வாறு உருவான பெருந்துணிகள் மூன்று. 'கடல்', 'நிலம்', 'வானம்' என்பவை அவற்றின் பெயர்கள். 2018-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரின் விட்வொர்த் கலைக்கூடத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. 'சாட்சி சொல்லும் நூல்' என்று பொருள்படும் தலைப்பைக் கண்காட்சிக்கு அவர் சூட்டியிருந்தார். ஆங்கிலத்தில் அச்சொல் இழையை மட்டும் குறிக்கும். தமிழில் 'நூல்' என்றதும் புத்தகமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உவமித்த நன்னூலார் பவணந்தியார் இத்தலைப்பைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கண்காட்சி நடந்த ஊரையும் நாம் மறந்துவிடலாகாது. மான்செஸ்டர் பருத்தியால் செல்வம் கண்ட நகரம். அதன் ஆலைத் துணி மலிந்து வந்து குவிந்தபோது நம் நாட்டு நெசவாளர் தறிகள் ஓய்ந்தன. பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் போனவர்கள் அக்காலத்திலும் உண்டு. அந்த நகரத்தில், ஊர்விட்டுப் போனவர்களின் கதை துணியிலேயே எழுதப்பட்டுத் தொங்கியது.

இவ்விடத்தில் நேர்மையான கேள்வி ஒன்று எழுகிறது. வசதியான நாட்டில், பாதுகாப்பான பல்கலைக்கழகப் பணியில் இருக்கும் ஒருவர், எல்லாம் இழந்தவரின் துன்பத்தை எடுத்துக் கலைப்பொருளாக்குவது முறையா? படம் வரைந்து கொடுத்த சிறுமி முகாமின் கூடாரத்திலேயே இருக்கிறாள். அவள் வரைந்த பூ கலைக்கூடத்தின் சுவரில் விளக்கொளியில் மின்னுகிறது. இக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது, தள்ளிவிடவும் கூடாது. இரக்கம் என்ற பெயரில் ஏழையின் புகைப்படத்தைக் காட்டிப் பாராட்டுப் பெறுகிறவர்களை நம்மிடையேயும் காண்கிறோம் அல்லவா?

ஆயினும் இத்துணிகளில் ஒரு வேறுபாடு உண்டென்றே நமக்குத் தோன்றுகிறது. அகதியை வெளியே நின்று பார்த்து, அழும் முகமாக வரைந்து காட்டும் வழக்கம் ஓவியங்களில் மிகுதி. இங்கே அகதி வரைந்த கோடே துணியில் நிற்கிறது. அவள் வரைய விரும்பியது கண்ணீராக இல்லாமல் பூவாக இருந்தால், துணியிலும் அது பூவாகவே இருக்கிறது. அக்கோட்டைத் திருத்தி அழகுபடுத்தும் உரிமையைக் கலைஞர் எடுத்துக்கொள்ளவில்லை. அதைத் தம் நூலால் தொடர்ந்து செல்கிறார். வேறொருவர் வரைந்த கோட்டின் மேல் பிசகாமல் தைப்பதற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்பதைத் தைத்தவர் அறிவர். அதனால் அச்சிறுமியின் கூடாரம் மாறிவிட்டதா என்றால், மாறவில்லை. கலைக்கூடத்துச் சுவருக்கும் கூடாரத்துக்கும் உள்ள தொலைவு அப்படியே இருக்கிறது. அதை ஒரு துணி மூடிவிடும் என்று சொல்ல நாம் துணியமாட்டோம்.

பூவேலை இயந்திரங்களின் வரலாற்றில் ஒரு சுவையான செய்தி உண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஐசக் குரோப்லி என்பவர் 1863-ஆம் ஆண்டில், ஒரே நேரத்தில் பல ஊசிகளால் தைக்கும் பெரிய இயந்திரம் ஒன்றை அமைத்தார். அதில் கீழ்நூலைச் சுமந்து ஓடும் நாடா படகின் வடிவில் இருந்தமையால், அந்நாட்டு மொழியில் 'சிறு படகு' என்று பொருள்படும் 'ஷிஃப்லி' என்பதே அதற்குப் பெயராயிற்று. ஆலிஸ் கெட்டில் பணியாற்றிய பல்கலைக்கழகத்தில் அத்தகைய இயந்திரம் ஒன்று பேணப்பட்டு, கலைஞர்களின் சோதனைகளுக்கும் பயன்பட்டது. துணியின் அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், நூலைச் சுமந்தபடி அங்குமிங்கும் ஓடும் படகு! 'கடல்' என்ற துணியை எண்ணும்போதெல்லாம் இப்பெயர் நம் நினைவுக்கு வருகிறது.

இப்பணியின் ஒரு பகுதியாக 'ஒரு மரம் தையுங்கள்' என்ற அழைப்பையும் அவர் விடுத்தார். சிறு துண்டுத் துணியில் எவர் வேண்டுமானாலும் ஒரே ஒரு மரத்தைத் தைத்துத் தரலாம். அகதிகளும் தரலாம், அகதிகளை வரவேற்போரும் தரலாம், பள்ளிப் பிள்ளைகளும் தரலாம். நேர்த்தி கேட்கப்படவில்லை. கைதேர்ந்தோர் இலைக்கு இலை நிறம் மாற்றித் தைத்தனர். ஊசியையே அன்றுதான் முதன்முதலாகப் பிடித்தவர்கள் ஒரு தண்டும் நான்கு கிளைகளுமாக நிறுத்திக்கொண்டனர். வந்து சேர்ந்த மரங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. அவற்றை அருகருகே வைத்து ஒரு காடாக்கினார்கள். அக்காட்டில் எந்த மரத்தை வீடுள்ளவர் தைத்தார், எந்த மரத்தை வீடிழந்தவர் தைத்தார் என்பதை, தையலை மட்டும் பார்த்து எவராலும் சொல்ல இயலாது.