தாளம் யந்திரத்துடையது, மூச்சு மனிதருடையது

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1977ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'வேர்ஹவுஸ்' என்னும் நடன விடுதியில், ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று இழையவிட்டு ஜனங்களை விடிய விடிய ஆட வைத்தார் என்பதும், அந்த விடுதிப் பெயரின் பின்பாதியே 'ஹவுஸ்' என்ற சங்கீத வகைக்குப் பெயராக நிலைத்தது என்பதும் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அதன் இலக்கணம் எளியது: நிமிஷத்துக்கு ஏறக்குறைய 120 தட்டு, தட்டு தவறாமல் விழும் கனத்த அடி, அடிக்கும் அடிக்கும் நடுவே சீறுகிற ஜால்ரா ஒலி. வாசிப்பது டிரம் மெஷின். அதற்குக் களைப்பும் இல்லை, மூச்சிரைப்பும் இல்லை.

அந்தத் தாளத்துக்கு மூச்சைக் கொடுப்பதே பாடகிகளின் காரியம். நியூஜெர்ஸி மாநிலத்து நெவார்க் நகரில், 'ஸான்ஸிபார்' விடுதியில் டோனி ஹம்ஃப்ரீஸ் இசைத்தட்டு சுழற்றிய காலத்தில், கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டின் சாயலைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்ட ஒரு பாணி அங்கே உருவாயிற்று. அந்த மாநிலத்தைச் சேர்ந்த மூன்று பெண்களின் கோஷ்டியே 'ஜொமாண்டா'. ஒருத்தி ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதை வாங்கி மறுமொழி சொல்லும் தேவாலய வழக்கம் இத்தகைய கோஷ்டி கானத்தின் உயிர்நிலை. இவர்களுடைய 'காட் எ லவ் ஃபார் யூ', சிகாகோவின் ஸ்டீவ் ஹர்லி செய்த புது அமைப்பில், 1991இல் அமெரிக்க நடனப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது.

இத்தகைய பாடல்களின் வசீகரத்தில் பாதி, காத்திருப்பில் இருக்கிறது. முந்தைய இசைத்தட்டோடு இழைப்பதற்கு வசதியாக ஆரம்பத்தில் தாளம் மட்டுமே தனியே ஓடும். கால்கள் அதற்குப் பழகிவிட்ட பிறகுதான் குரல் வரும். நடுவில் திடீரென்று தாளம் ஓய்ந்துவிட, பாடகி மூச்சை உள்ளிழுக்கும் சப்தம்கூடக் காதில் விழுகிற அந்தச் சில கணங்களில் ஆடுகிறவர்கள் கைகளை உயர்த்தி நிற்பார்கள். அடி மீண்டும் விழுந்ததும் ஆரவாரம் எழும்.

1992இல் ஃபீலிக்ஸ் என்ற ஆங்கிலேயர், ஜொமாண்டாவின் வேறொரு பாட்டிலிருந்து ஒரு துணுக்கை மட்டும் வெட்டியெடுத்துத் தம் யந்திர இசையில் பதித்தார். அது பிரிட்டிஷ் விற்பனை வரிசையில் ஆறாம் இடம் வரை ஏறியது. பாடியவர்கள் யாரென்று கேளாமலே ஜனங்கள் ஆடினார்கள்; ஆனால், வாய்விட்டுப் பாடியதென்னவோ அந்தத் துணுக்கைத்தான்.