குளிர்ச் சங்கிலியும் குடாநாட்டு விளைவும்

உழவனும் மீனவனும் தம் உழைப்பின் பயனைப் பெரும்பாலும் அழியுந் தன்மையுடைய பொருளாகவே பெறுகின்றனர். நெல்லையும் புகையிலையையும் விலை ஏறும்வரை இருப்பில் வைக்கலாம். திருநெல்வேலிச் சந்தைக்குக் காலையில் வரும் கீரையும் கத்தரிக்காயும், குருநகரிலும் பாசையூரிலும் கரையேறும் மீனும் இறாலும் அங்ஙனம் காத்திருக்கமாட்டா. பொழுது ஏறுந்தோறும் அவற்றின் விலை இறங்கும். வாங்குவோன் காத்திருக்க வல்லவன். விற்போனோ அது மாட்டாதவன். சந்தையிலே விலையை நிருணயிப்பது பெரிதும் இவ்வேற்றுமையே. உறைகுளிர் உணவுத் தொழில் என்பது காத்திருக்கும் ஆற்றலைப் பொருளுக்கு அளிக்கும் ஒரு முறையாகும். அவ்வாற்றல் யாருடைய கையிற் சேர்கின்றது என்பதே இத்தொழிலை ஆராய்வோர் முதலிற் கேட்கவேண்டிய வினா.

நம் முன்னோரும் அழிவைத் தடுக்கும் வழிகளை அறிந்திருந்தனர். மீனைக் கருவாடாக்கினர், பனங்கிழங்கை ஒடியலாக்கினர், காய்களை வற்றலாக்கினர். நீரை அகற்றினால் நுண்ணுயிர்கள் பெருகா என்பதே இவற்றின் அடிப்படை. ஆயின் உலர்ந்த பொருள் சுவையாலும் விலையாலும் வேறொரு பொருளாகிவிடுகின்றது. உறையவைக்கும் முறையில் நீர் உணவினுள்ளேயே தங்குகின்றது. எனினும் அதன் பெரும்பகுதி பனிக்கட்டியாகிவிடுவதால் நுண்ணுயிர்களுக்குப் பயன்படுவதில்லை. சுழியத்துக்குக் கீழ் 18 பாகை சென்ரிகிறேட் என்பது இத்தொழிலில் உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவாகும். உறையும் வேகமும் இன்றியமையாதது. மெதுவாக உறையும் மீனிலே பனிப்பளிங்குகள் பெரியனவாக வளர்ந்து தசையின் கலங்களைச் சிதைக்கும். உருகும்போது சாறு வடிந்து மீன் சக்கையாகும். விரைவாக உறையும் மீனிலோ பளிங்குகள் சிறியனவாகவே நின்றுவிடும்.

இவ்வுண்மையை வாணிபமாக்கியவர் அமெரிக்கரான கிளறென்ஸ் பேர்ட்சை என்பவர். 1912 ஆம் ஆண்டளவில் லாபிறடோர் என்னுங் கடுங்குளிர்ப் பிரதேசத்துக்குச் சென்ற அவர், அந்நாட்டுப் பழங்குடியினர் பிடித்த மீன் காற்றிலே கணத்தில் உறைந்து, மாதங்கள் கழிந்தும் புதுச் சுவை குன்றாதிருத்தலைக் கண்டார். பின்னர், உணவுப் பொதிகளைக் குளிர்ந்த உலோகத் தட்டுகளிடையே அழுத்தி விரைந்து உறையவைக்கும் பொறியை அமைத்தார். 1930 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில், பதினெட்டுக் கடைகளில் அவ்வுணவு விற்பனைக்கு வந்தது. ஆயின் பொறி ஒன்றே போதாது என்பது விரைவிற் புலனாயிற்று. கடைகளிற் குளிர்ப்பேழை இல்லை. புகையிரதங்களில் ஏற்ற பெட்டிகள் இல்லை. ஆதலின் அந்நிறுவனம் 1934 ஆம் ஆண்டளவில் குளிர்ப்பேழைகளைக் குறைந்த வாடகைக்குக் கடைகளுக்குக் கொடுக்கலாயிற்று. 1944 ஆம் ஆண்டில் வெப்பங்காப்புடைய புகையிரதப் பெட்டிகளையும் அமர்த்திற்று. இன்று நம்மூர்ச் சிறு கடைகளிலும் குளிர்களி நிறுவனங்களின் பெயர் பொறித்த பேழைகள் நிற்பதற்குக் காரணம் இவ்வுத்தியே. பேழையைக் கொடுப்பவன் கடையில் ஓர் இடத்தையுங் கைக்கொள்கின்றான்.

கடலில் மீன் பிடிபட்ட கணம் முதல் உண்போன் அடுக்களை வரை குளிர் இடையறாது தொடர்தலையே குளிர்ச் சங்கிலி என்பர். படகிலே பனிக்கட்டி, கரையிலே பதனிடும் நிலையம், உறைகுளிர் அறை, வெப்பங்காப்புடைய பாரஊர்தி, கப்பற் கொள்கலம், கடைப் பேழை என்பன அதன் கண்ணிகள். ஒரு கண்ணி அறுந்தால் ஏனையவற்றின் செலவும் வீணாகும்; ஒருமுறை உருகிய பொருளை மீண்டும் உறையவைத்துப் பழைய தரத்துக்குக் கொணர முடியாது.

இந்நெறி பொறிக்குளிர் தோன்றுமுன்னரே வாணிகருக்குத் தெரிந்திருந்தது. பொஸ்ரன் நகரத்துப் பிரெடெறிக் ரியூடர் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி 1833 ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு அனுப்பினார். புறப்பட்ட 180 தொன்னில் ஏறக்குறைய 100 தொன் கரைசேர்ந்தது. வந்த பனிக்கட்டியைக் காப்பதற்குத் துறைமுக நகரங்களிற் களஞ்சியங்களும் எழுந்தன. அவற்றுள் ஒன்று 1842 ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ். 1897 ஆம் ஆண்டு ஜனவரியில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றிய சுவாமி விவேகானந்தர் அடுத்த மாதம் சென்னையில் தங்கியது அம்மாளிகையிலேயே. இலங்கையில் 1866 ஆம் ஆண்டு தோன்றிய கொழும்பு ஐஸ் கம்பெனி, பிற்காலத்தில் யானைச் சின்னத்தால் அறியப்பட்ட இலங்கைக் குளிர்க்களஞ்சிய நிறுவனமாக வளர்ந்தது. அரசாங்கமும் 1964 ஆம் ஆண்டு இலங்கை மீன்பிடிக் கூட்டுத்தாபனத்தை நிறுவி மீன் கொள்வனவிலும் குளிர்க்களஞ்சியத்திலும் சில்லறை விற்பனையிலும் ஈடுபட்டது. குருநகரில் வலைத் தொழிற்சாலையும் காரைநகரிற் படகுத் தளமும் கண்ட சீநோர் நிறுவனம், நோர்வே நாட்டு உதவியுடன் 1960களின் பிற்பகுதியில் இத்துறையிற் புதுவழி காட்டியது.

இனி, சங்கிலி அறுந்தால் விளைவது யாது என்பதைக் குடாநாடு பட்டறிந்துள்ளது. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது யாழ்தேவி நின்றது, தரைப்பாதை மூடுண்டது, தேசிய மின்னிணைப்பும் அறுந்தது. மின்னின்றிப் பனிக்கட்டி இல்லை. பாதையின்றிக் கொழும்புச் சந்தை இல்லை. கடலிற் செல்லவும் தடைகள் இருந்தன. மீன் மறுபடியுங் கருவாடாயிற்று. யாழ்தேவி 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபரிலேயே மீண்டும் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது, இத்தொழிலின் உயிர்நாடி எங்கே உள்ளதென்பதை நாடு முழுவதும் உணர்ந்தது.

சங்கிலி அறாது நீள்வதாலும் தீமை விளைதல் உண்டு. கேரளத்திலே முன்னர்ப் பெரிதும் உலர்த்தி விற்கப்பட்ட இறால், 1953 ஆம் ஆண்டு கொச்சியிலிருந்து உறைநிலையில் அமெரிக்காவுக்கு முதன்முதல் அனுப்பப்பட்டது. அன்றுதொட்டு இறாலின் விலையைத் தூரதேசத்துச் சந்தை நிருணயிக்கலாயிற்று. அவ்விலையின் கவர்ச்சியால் தென்னிந்தியக் கரைகளில் இழுவைமடிப் படகுகள் பெருகின. அவற்றுட் பல பாக்குநீரிணையைக் கடந்து வந்து வடபகுதி மீனவரின் வலைகளை அறுத்துக் கடலடியையும் வாரிச் செல்கின்றன. இலங்கை 2017 ஆம் ஆண்டு இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது; எனினும் எல்லை தாண்டும் படகுகளின் தொல்லை தீர்ந்தபாடில்லை. எங்கோ ஒரு கடையின் குளிர்ப்பேழை நிரம்புதற்கு இங்கொரு மீனவன் வலையிழக்க நேர்தல் சிந்திக்கற்பாலது.

இன்று வடகடலின் நீலக்கால் நண்டு அவிக்கப்பட்டு, தசை பிரித்து அடைக்கப்பெற்று, உறையவிடாத குளிரிலே அமெரிக்கா செல்கின்றது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள தமிழர் கடைகளில் உறைந்த முருங்கைக்காயும் தேங்காய்ப்பூவும் விலையாகின்றன. சந்தை உண்டு, பொருளும் உண்டு. எனினும் குளிரறை வெறுமையாக இருப்பினும் மின்கட்டணம் ஏறும். சோளகம், வாடை எனக் காற்று மாற மீன்பாடும் மாறுமாதலின், மீனொன்றையே நம்பிய நிலையம் நலிவுறும். கடல்விளைவு குறையுங் காலத்தில் தோட்டவிளைவு அதனை நிரப்புமாறு திட்டமிடல் வேண்டும். ஒரே அறையில் மீன் மணம் காய்க்கு ஏறாதவாறு பிரிவுகளும் வேண்டும். தனிமனிதனால் இயலாத இம்முதலீட்டைக் கூட்டுறவு ஏற்கலாம். மூளாயிலே கூட்டுறவால் ஒரு வைத்தியசாலையையே நிறுவிய சமூகத்துக்கு இது புதிதன்று.

சம்மாட்டியின் கடனுக்கும் தரகரின் கூறுவிலைக்கும் இடையே நிற்கும் உழைப்பாளிக்கு, கரையிலே ஒரு பெட்டி பனிக்கட்டி தன் பொறுப்பில் இருத்தலே பேரம் பேசும் வலிமையின் தொடக்கம். குளிரை உடையவனே காலத்தை உடையவன். காலத்தை உடையவனே விலையைச் சொல்பவன். குடாநாட்டிலே இனி எழும் குளிரறைகளின் திறவுகோலில் விளைவிப்போனுக்கும் ஒரு பங்கு இருத்தல் வேண்டும். இல்லையேல் அவன் பொருள் மட்டும் காத்திருக்கும். அவனோ முன்போலவே பொழுது ஏறுமுன் விற்றுத் தீர்க்கவேண்டியவனாவான்.