இறங்க மாட்டோம் என்று சொல்ல ஒரு பிரதிநிதி

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று ஊரே பேசுகிறது. நான்காவதாக ஒரு சிறு குன்றும் உண்டு. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். தோல் தொழில் செய்த நம் மக்களின் பெயரைத் தாங்கி நிற்கும் குன்று அது.

சுற்றுலா பெருகினால் விடுதிகளும் கழிப்பறைகளும் பெருகும். கூடவே மலக்குழிகளும் பெருகும். அவற்றைச் சுத்தம் செய்ய யாரைக் கூப்பிடுவார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

தகுந்த பாதுகாப்பின்றி மலக்குழியில் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால், இழப்பீடு உயிர் போன பிறகு வருவது. உயிர் போகாமல் தடுக்க யார் இருக்கிறார்கள்?

போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயமான ஆலைகளில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு கட்டாயமானது. கழிவுநீர் லாரியில் போகும் இரண்டு மூன்று பேருக்கு அப்படி எந்தக் குழுவும் இல்லை.

கையுறை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது பயிற்சி ஆகாது. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டையாக நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்குபவர் திரும்புவதில்லை. மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. வாயு அளவியால் சோதிக்காமல் குழியை நம்பக் கூடாது. உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றத் தாமும் குதிப்பவர் அடுத்த பிணமாகிறார். முழு உடல் பாதுகாப்புப் பட்டையில் கட்டிய கயிற்றை மேலிருந்து இழுப்பதே வழி. இவற்றையெல்லாம் தொழிலாளிக்குத் தொழிலாளியே சொல்லித்தர வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். பேரூராட்சிதோறும், ஒப்பந்தப் பணியாளர்களும் சேர்ந்து, தங்கள் பாதுகாப்புப் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும். வேலை நேரத்தில், கூலி பிடிக்காமல் பயிற்சி தர வேண்டும். வேலையை நிறுத்தச் சொல்லும் பிரதிநிதியை வேலையை விட்டு நீக்கக் கூடாது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக இதை வைக்கட்டும்.