கம்பியின் காப்பும் மனிதரின் காப்பும்: வீட்டு மின் பரம்பற் பெட்டியைப் புதுப்பித்தல் பற்றிச் சில குறிப்புகள்

பழைய வீடொன்றின் மின் பரம்பற் பெட்டியைப் புதுப்பித்தல் பொதுவாகக் கொள்ளளவு பற்றிய பிரச்சினையாகவே கருதப்படுகிறது. குளிரூட்டியும் நீர் சூடாக்கியும் வந்துசேர்ந்ததும் ‘பெட்டி போதாது’ என்கிறோம். அஃது ஓரளவே உண்மை. பெட்டி மின்னை உண்டாக்குவதில்லை. தவறு நேர்ந்தவிடத்து அதனைத் துண்டிப்பதே அதன் கடமை. ஆகவே அடிப்படையான வினா, அது எதனைக் காக்கிறது என்பதே. கம்பியையா, மனிதரையா? இலங்கையின் பழைய வீடுகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உருகியும் சிறு சுற்றுடைப்பானும்

கடத்தியொன்றிற் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது. 5 அம்பியருக்கென இடப்பட்ட கம்பியில் 15 அம்பியர் பாய்ந்தால் வெப்பம் ஒன்பது மடங்காகும். காவலியுறை இளகித் தீ மூளலாம். இதனைத் தடுக்கவே உருகி தோன்றியது. பீங்கான் தாங்கியில் மெல்லிய கம்பி கட்டப்பட்ட பழைய உருகி, தன் மட்டத்தின் ஏறத்தாழ இரு மடங்கிலேயே உருகும். அடிக்கடி உருகுகிறதென்று தடித்த செப்புக் கம்பியைக் கட்டிவிடுவோரும் உளர். அத்துடன் காப்பு இல்லாதொழிகிறது.

சிறு சுற்றுடைப்பான் இவ்விரு குறைகளையும் பெரிதும் நீக்குகிறது. மிகைச்சுமையின்போது ஈருலோகத் தகடு வளைந்தும், குறுஞ்சுற்றின்போது மின்காந்தம் உடனடியாக இயங்கியும் சுற்றைத் திறக்கின்றன. எனினும் இதுவும் காப்பது கம்பியையே.

2. மனித உடலின் கணக்கு

ஈரமான உடலின் தடையை 1000 ஓம் எனக் கொள்வோம். 230 உவோற்றில் அதனூடு பாய்வது 230 மில்லிஅம்பியர். இதயத்தின் ஒழுங்கைக் குலைத்து உயிரைப் போக்க இது போதும். ஆனால் 5 அம்பியர் உருகிக்கு இது 60 உவாற்று இழைக் குமிழொன்றின் சுமையிலும் குறைந்தது. அது வாளாவிருக்கும்.

புவித்தொடுப்பு உண்டே எனலாம். இங்கு வீட்டார் தம் வளவிலேயே புவிமுனை பதித்துக்கொள்வது பொது வழக்கு. அதன் தடை 50 ஓம் என்க; வறண்ட நிலத்தில் இது வியப்புக்குரிய பெறுமானமன்று. சலவைப் பொறியின் உலோக உடலை உயிர்க்கம்பி தொட்டால் புவிக்குப் பாய்வது 4.6 அம்பியர் மட்டுமே. 5 அம்பியர் உருகி உருகாது. 6 அம்பியர் சுற்றுடைப்பானும் திறக்காது. பொறியின் உடல் ஏறத்தாழ முழு அழுத்தத்தில் நிற்கும். பீங்கான் உருகிகளை அகற்றிப் புதிய சுற்றுடைப்பான்களை வரிசையாகப் பொருத்துவதால் மட்டும் இந்நிலை மாறாது.

இதனை மாற்றுவது எச்சமின்னோட்டச் சுற்றுடைப்பான். மக்கள் வழக்கில் ‘ட்ரிப் சுவிச்’. உயிர்க்கம்பியிற் செல்லும் மின்னோட்டமும் நொதுமற் கம்பியில் மீளும் மின்னோட்டமும் சமமாவென அது ஒப்பிடுகிறது. 30 மில்லிஅம்பியர் வேறுபாட்டிலேயே அது துண்டிக்க வேண்டும்; வேறுபாடு 150 மில்லிஅம்பியராயின் 0.04 செக்கனுக்குள் துண்டிக்க வேண்டும். மேற்கூறிய 4.6 அம்பியர் அதற்குப் பெருந்தொகை. எனினும், புவித்தொடர்பின்றி இரு கம்பிகளையும் ஒருங்கே தொடுபவரை அது காப்பாற்றாது, மிகைச்சுமையையும் அறியாது. எனவே இருவகை உடைப்பான்களும் வேண்டும்.

3. புதுப்பித்தலின் ஒழுங்கு

பெட்டி இறுதியிலேயே வரவேண்டும். முதலாவது, சுமைக் கணக்கு. 30 அம்பியர் தனி அவத்தை இணைப்பு தரக்கூடியது 6900 உவாற்று. குளியலறையின் 3500 உவாற்று நீர் சூடாக்கி ஒன்றே அதிற் பாதியைக் கொள்ளும். தேவை மிகுந்தால் மின் வழங்கும் நிறுவனத்திடம் மூவவத்தை இணைப்பைக் கோரவேண்டும்.

இரண்டாவது, கம்பிகள். 1 சதுர மில்லிமீற்றர் விளக்குக் கம்பிக்கு 6 அம்பியர் உடைப்பானே பொருந்தும். அதற்கு 20 அம்பியர் உடைப்பானை இடுவது, உருகியில் தடித்த செப்பைக் கட்டிய அதே தவறாகும். காவலித் தடை 500 உவோற்றில் அளக்கப்படும்போது 1 மெகாஓமிலும் குறையலாகாது. மூன்றாவது, புவிமுனையின் தடையை அளத்தல். இவை யாவும் தகுதிபெற்ற மின்வினைஞரின் பணி. மின்மானியின் முத்திரையை எவரும் தொடலாகாது.

பொருத்திய பின் சோதனைப் பொத்தானை ஒழுங்காக அழுத்திப் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் ‘ட்ரிப்’ அடிக்கடி விழுகிறதென்று அதனைத் தவிர்த்துக் கம்பியை நேரே இணைப்பது ஆபத்தானது. எங்கோ மின் கசிகிறது என்பதற்கான சாட்சியமே அது.

4. முடிவுரை

மேற்கூறிய ஆய்வு சமூக வினாவொன்றையும் எழுப்புகிறது. பெட்டியை மாற்றும் உரிமை வீட்டுடைமையாளருடையது. ஈரத்தரையில் நின்று பொறியைத் தொடுபவரோ வாடகைக்கிருப்பவராகவோ வீட்டுப் பணியாளராகவோ இருக்கலாம். கம்பி எரிந்தால் சொத்து அழியும் என்பதால் அதற்கான காப்பு முன்னரே வந்துவிட்டது. மனிதருக்கான காப்பு, வசதியுள்ளோர் விரும்பிச் சேர்க்கும் ஓர் உறுப்பாக நின்றுவிடலாகாது. வாடகை அறையாயினும் தோட்டத்து லயன் அறையாயினும், 30 மில்லிஅம்பியர் உடைப்பானும் அளக்கப்பட்ட புவித்தொடுப்பும் கூரையைப் போன்றே குடியிருப்பின் இன்றியமையாப் பகுதிகளாகக் கொள்ளப்படல் வேண்டும்.